பெரிய நாட்டின் மறதியும் சிறிய நாட்டின் நினைவும்

இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டு ஒன்பது நாள் கழித்து, 2001 செப்டம்பர் 20 அன்று, அமெரிக்க நாடாளுமன்றத்தின் கூட்டு அவையில் பேசிய அதிபர் ஜார்ஜ் புஷ், ‘அவர்கள் நம்மை ஏன் வெறுக்கிறார்கள்?’ என்று தம் மக்கள் கேட்பதாகச் சொன்னார். நம்முடைய சுதந்திரங்களைத்தான் அவர்கள் வெறுக்கிறார்கள் என்று பதிலையும் அவரே சொன்னார். அவர் அன்று பேசியது தாக்குதல் நடத்தியவர்களைப் பற்றி மட்டுமே. ஆனால் அந்தப் பதில் சீக்கிரமே எல்லை தாண்டிப் பரவி, அமெரிக்காவின் மீது எந்த நாட்டில் எவருக்கு மனக்கசப்பு இருந்தாலும் அதற்கெல்லாம் பொதுவான விளக்கமாகிவிட்டது. கேட்பவருக்கு அது வசதியான விளக்கம். கோளாறு முழுவதையும் வெறுப்பவரின் மனத்தில் வைத்துவிட்டால், வெறுக்கப்படும் அரசு என்ன செய்தது என்று பார்க்கும் வேலை மிச்சமாகிறது.

கருத்துக் கணிப்புகள் வேறு கதையைச் சொல்கின்றன. பியூ ஆய்வு மையம் 2002ஆம் ஆண்டு கேட்டபோது இந்தோனேசியர்களில் 61 சதவீதத்தினர் அமெரிக்காவைப் பற்றி நல்ல எண்ணம் கொண்டிருந்தார்கள். ஈராக் மீது படையெடுப்பு நடந்த 2003இல் அந்த அளவு 15 சதவீதமாகச் சரிந்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை ஆச்சே மாகாணத்தை வாரிக்கொண்டு போனபோது அமெரிக்கக் கடற்படையின் கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் குடிநீரும் உணவும் மருந்தும் கொண்டு வந்து இறக்கின. மறு ஆண்டுக் கணிப்பில் நல்லெண்ணம் 38 சதவீதத்துக்கு ஏறியிருந்தது. இந்த மூன்றாண்டு இடைவெளியில் அமெரிக்கர்களின் சுதந்திரங்களிலோ சினிமாவிலோ உடையிலோ உணவிலோ எந்த மாற்றமும் ஏற்படவில்லை. இந்தோனேசியர்களின் மதமும் மாறவில்லை. அமெரிக்க அரசு வெளிநாட்டில் என்ன செய்தது என்பது மட்டுமே மாறியது. துருக்கியில் இதே சரிவு இன்னும் ஆழமாகப் போய், 2007இல் ஒற்றை இலக்கத்தைத் தொட்டது.

அப்படியானால் செயல்தான் கசப்பை உண்டாக்குகிறது என்று சொல்லி முடித்துவிடலாமா என்றால், அது பாதி விளக்கமே. செயல் நடந்து முடிந்து இருபது முப்பது ஆண்டுகள் ஆன பிறகும் கசப்பு ஏன் ஆறுவதில்லை என்பதையும், அதைக் கண்டு பெரிய நாடு ஒவ்வொரு முறையும் ஏன் உண்மையாகவே திகைத்துப்போகிறது என்பதையும் விளக்கியாக வேண்டும். அந்தத் திகைப்பு நடிப்பு அல்ல என்றுதான் நான் நினைக்கிறேன். செயலின் செலவு முழுவதும் சிறிய நாட்டில் விழுகிறது. ஆகவே நினைவும் அங்கேயே தங்கிவிடுகிறது. செலவு செய்யாத நாட்டுக்கு அது ஒரு கோப்பு எண்ணைத் தவிர வேறில்லை.

ஈரான் இதற்குத் தெளிவான சான்று. ஆங்கிலோ-ஈரானிய எண்ணெய் நிறுவனத்தின் கையிலிருந்த எண்ணெய் வளத்தை 1951இல் ஈரான் நாட்டுடைமை ஆக்கியது. அதை முன்னின்று நடத்திய பிரதமர் முகம்மது மொசாதேக்கின் அரசு, 1953 ஆகஸ்ட் 19 அன்று, பிரிட்டிஷ் உளவுத்துறையும் அமெரிக்காவின் சிஐஏவும் சேர்ந்து பின்னிய சதியில் கவிழ்க்கப்பட்டது. மன்னர் ஷா திரும்பி வந்து, எதிர்ப்பாளர்களை ரகசியப் போலீசின் துணையோடு அடக்கிக் கால் நூற்றாண்டு ஆண்டார். 1979இல் புரட்சி அவரைத் துரத்திய பின், அந்த ஆண்டு அக்டோபரில், மருத்துவச் சிகிச்சைக்கு என்று அவரை அமெரிக்கா உள்ளே விட்டது. தெஹ்ரானில் அந்தச் செய்தியைக் கேட்டவர்களுக்கு 1953தான் நினைவுக்கு வந்தது. போனவரை மறுபடியும் கொண்டு வந்து உட்காரவைக்கப் போகிறார்கள் என்று எண்ணினார்கள். நவம்பர் 4 அன்று மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்துக்குள் புகுந்து அங்கிருந்தவர்களைப் பிணைபிடிக்க, அந்தச் சிறை 444 நாள் நீண்டது. அமெரிக்க வீடுகளில் தொலைக்காட்சி பார்த்தவர்களுக்குக் கதை அந்த நவம்பர் 4 அன்றுதான் தொடங்கியது. காரணமே இல்லாமல் கண்மூடித்தனமாகக் கத்தும் ஒரு கூட்டம் அவர்கள் கண்ணில் பட்டது. ஈரானியர்களுக்கோ அது இருபத்தாறு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த கதையின் நடுப்பக்கம். பிணைபிடித்தது சரி என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் அதன் காரணம் புரியாமல் போனதற்குக் காரணம், கதை தொடங்கிய தேதியை இரு தரப்பும் வேறு வேறாக வைத்திருந்தது. 1953இல் தங்கள் அரசுக்குப் பங்கு இருந்ததை அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மெடலின் ஆல்பிரைட் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2000ஆம் ஆண்டில்தான்.

போரும் சதியும் மட்டும் இதைச் செய்வதில்லை, உதவியும் செய்யும். நம்முடைய நாட்டிலேயே அதற்குச் சான்று உண்டு. உதகை, குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் நெல் விளைவதில்லை. அரிசி எப்போதும் சமவெளியிலிருந்து மலையேறி வரவேண்டிய பண்டம். 1965, 1966 ஆகிய இரு ஆண்டுகளும் அடுத்தடுத்து மழை பொய்த்து நாடெங்கும் தானியம் அருகியபோது, அமெரிக்காவின் உணவு உதவிச் சட்டமான பிஎல் 480இன்கீழ் வந்த கோதுமையை நம்பித்தான் பல மாநிலங்களின் ரேஷன் கடைகள் நடந்தன. அந்தக் கோதுமை இல்லாவிட்டால் பீகார் போன்ற இடங்களில் சாவு எண்ணிக்கை எங்கே போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. ஆனாலும் அந்தத் தலைமுறை இந்தியர்கள் அமெரிக்காவுக்கு நன்றி சொன்னதைவிட அதன்மேல் எரிச்சல் பட்டதே அதிகம். அதிபர் லிண்டன் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, கப்பல் கப்பலாகத் தாமே பார்த்து அனுமதி தந்துகொண்டிருந்தார். இந்தியா தன் வேளாண்மைக் கொள்கையைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய ஒரு நோக்கம். வியட்நாம் போரைப் பற்றி டெல்லி சொன்ன கண்டனங்கள் அவருக்குப் பிடிக்காமல் போனது இன்னொரு காரணம். 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு டாலருக்கு 4.76 என்பதிலிருந்து 7.50க்கு இறக்கப்பட்டதும் அந்த நெருக்கடியின் ஊடாகத்தான். மறு ஆண்டு, ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற முழக்கத்தோடு தமிழ்நாட்டில் ஆட்சியே மாறியது. அதற்கு அமெரிக்கா காரணம் அல்ல. ஆனால் அடுத்த வேளைச் சோறு எங்கோ ஓர் அயலான் போடும் கையெழுத்தில் இருக்கிறது என்ற நினைப்பு அந்தக் காலத்தின் அரசியலில் எவ்வளவு ஊறியிருந்தது என்பதை அது காட்டுகிறது. வங்கப் போர் உச்சத்தில் இருந்த 1971 டிசம்பரில் அமெரிக்காவின் ஏழாவது கடற்படைப் பிரிவு, எண்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை முன்வைத்து, வங்காள விரிகுடாவுக்குள் வந்து நின்றதோடு அந்தக் கணக்கு முழுமையானது.

இதுவரை சொன்னவற்றில் தமிழ் வாசகருக்குச் சங்கடம் தரக்கூடியது எதுவும் இல்லை. அமெரிக்காவைக் குறை சொல்லி எழுதுவதும் படிப்பதும் நமக்குப் பழகிப்போன ஒன்று. நீலகிரியில் இருந்துகொண்டு இதே பொருளை எழுதுகிறவர் அந்த வசதியோடு நிறுத்திக்கொள்ள முடியாது என்பதுதான் என் கருத்து. ஏனென்றால் இந்த மலையின் மேற்குச் சரிவிலும் கிழக்குச் சரிவிலும், பெரிய நாடு ஒன்றின் வெளியுறவுக் கொள்கையால் இடம் பெயர்க்கப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். அந்தப் பெரிய நாடு இந்தியா.

இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்துவந்த இந்திய வம்சாவளித் தமிழர்களின் குடியுரிமையை அந்நாட்டின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பறித்தது. மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. அவர்கள் பிறந்து வளர்ந்து உழைப்பது இலங்கையில், ஆகவே அவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பதே நேருவின் நிலைப்பாடு. 1964 மே மாதம் நேரு மறைந்தார். அக்டோபர் 30 அன்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிடப்பட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. இந்தியா ஏழு பேரை எடுத்துக்கொண்டால் இலங்கை நான்கு பேரை ஏற்க வேண்டும் என்பது விகிதம். மீதியிருந்தவர்களை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

டெல்லியின் பக்கமிருந்து பார்த்தால் இதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. 1962இல் சீனாவிடம் தோற்று நின்ற நாட்டுக்கு அண்டை நாடுகளின் நட்பு வேண்டியிருந்தது. அந்தப் போருக்குப் பிறகு இரு தரப்புக்கும் இடையே சமரசம் பேசக் கொழும்பில் மாநாடு கூட்டியவரே சிறிமாவோதான். சென்னையிலிருந்த தலைவர்கள் கட்சி வேறுபாடின்றிச் சொன்ன ஆட்சேபம் தேசிய நலனுக்கு முன் நிற்கவில்லை. தொழிலாளர் தலைவர் தொண்டமானின் எதிர்ப்பும் எடுபடவில்லை. சம்பந்தப்பட்ட தொழிலாளர்களிடம் எவரும் எதையும் கேட்கவில்லை.

அடுத்த இருபது ஆண்டுகளில், இலங்கையில் இனக்கலவரமும் போரும் மூண்டு கப்பல் நிற்கும் வரையில், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகத் தமிழகம் வந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த தொழில் தேயிலை. அதற்காகவே 1968இல் வனத்துறையின்கீழ் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கி, அதுவே 1976இல் டான்டீ என்று நாம் சொல்லும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி, கோத்தகிரி, குன்னூர் என்று லயன் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள் எழுந்தன. தோட்டத்தில் இடம் கிடைக்காமல் வியாபாரக் கடன் என்று அரசு கொடுத்த சிறு தொகையோடு சமவெளியில் விடப்பட்ட பல குடும்பங்கள், பழக்கமில்லாத வெயிலிலும் வியாபாரத்திலும் அதைத் தொலைத்துவிட்டு, உறவினரைத் தேடி மலையேறி வந்தன. இங்கே அவர்களுக்கு வாய்த்த பெயர் சிலோன்காரர். அங்கே இருந்தவரை இந்தியாக்காரர்.

பந்தலூர்ப் பக்கத்தில் டான்டீயில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாள், குடும்பமாக நின்று எடுத்த படம் ஒட்டிய பழைய பாஸ்போர்ட்டை ஒரு பாலிதீன் உறையில் போட்டு ரேஷன் அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறார். படத்தில் அவர் சிறுமி. அவருடைய பெரியப்பா குடும்பத்துக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது, இவருடைய அப்பாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. அதற்குப் பிறகு இரு குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவே இல்லை. இந்தியாவின் மீதோ இலங்கையின் மீதோ அவர் ஒரு வசைச்சொல் சொல்லவில்லை. “அஞ்சேகால் லச்சத்துல நானும் ஒண்ணுங்க” என்று மட்டும் சொன்னார். ஒப்பந்தத்தின் எண்ணிக்கையை அறுபது ஆண்டு கழித்து மறக்காமல் சொல்லக்கூடியவர் டெல்லியில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்கு உடனே தோன்றியது.

இதே காலத்தில், இதே மக்களைக் காட்டி, சிங்கள இளைஞர்களிடையே நேர் எதிரான ஒரு கசப்பு வளர்ந்தது. ரோஹண விஜேவீர 1965இல் தொடங்கிய ஜேவிபி (ஜனதா விமுக்தி பெரமுன) என்ற இடதுசாரி இயக்கம் தன் உறுப்பினர்களுக்கு நடத்திய ஐந்து அடிப்படை வகுப்புகளில் ஒன்று, இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. தோட்டத் தமிழர்களை இந்தியாவின் கையாட்களாகப் பார்க்கும்படி அது கற்றுக்கொடுத்தது. வாக்குரிமைகூட இல்லாத, கைமாறும் சரக்குபோல எண்ணப்பட்ட மக்களை ஒரு பெரிய நாட்டின் ஆயுதமாகக் காண்பது நமக்கு அபத்தமாகத் தெரியும். ஆனால் இருபது மைல் கடலுக்கு அப்பால் தன்னைவிடப் பலமடங்கு பெரிய ஒரு நாட்டை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு அபத்தம் எளிதில் நம்பத்தக்கதாகிவிடும்.

1983க்குப் பிறகு அந்த அச்சத்துக்கு இந்தியாவே தீனி போட்டது. கொழும்பில் தமிழர்கள் கொன்று குவிக்கப்பட்ட அந்த ஜூலைக்குப் பின், ஈழப் போராளி இயக்கங்களுக்கு இந்திய மண்ணில் ஆயுதப் பயிற்சி தரப்பட்டது. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானப்படை யாழ்ப்பாணத்தின் மீது உணவுப் பொட்டலங்களை இறக்கியது. அன்றைக்குத் தமிழகம் முழுவதும் அதைக் கொண்டாடியது. கொழும்பில் அதைக் கண்டவர்களுக்கு, தங்கள் வான்வெளிக்குள் கேளாமல் நுழைந்த போர் விமானங்களே தெரிந்தன. ஜூலை 29 அன்று ஊரடங்கின் நடுவே ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் அணிவகுப்பு மரியாதையில் நின்ற ஓர் இலங்கைக் கடற்படை வீரர் துப்பாக்கியின் பின்கட்டையால் ராஜீவைத் தாக்கினார். இந்தியப் பொருள்களை விற்கக் கூடாது, வாங்கக் கூடாது என்று ஜேவிபி மிரட்டியது. வடக்கிலோ, அந்த ஒப்பந்தப்படி வந்த இந்திய அமைதிப்படையை முதலில் மாலையிட்டு வரவேற்றவர்கள் தமிழர்கள். அக்டோபரில் புலிகளுடன் சண்டை மூண்டது. அந்த மாதம் 21ஆம் தேதி, தீபாவளியன்று, யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் அமைதிப்படை நுழைந்தபோது மருத்துவர்களும் செவிலியரும் நோயாளிகளுமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுமார் 1,200 இந்திய வீரர்களும் அந்த மண்ணில் உயிரிழந்த பிறகு, 1990 மார்ச்சில் படை திரும்பியது. ஒரே கொள்கையால் சிங்களவரின் கசப்பையும் தமிழரின் கசப்பையும் ஒருசேரச் சம்பாதித்துக்கொண்டது சாதாரணக் காரியம் அல்ல. இந்தியப் பொது நினைவில் இந்தக் கதை பெரும்பாலும் 1991 மே 21 அன்று, ஸ்ரீபெரும்புதூரில் தொடங்குகிறது. ஈரான் விஷயத்தில் அமெரிக்கர்களுக்கு நவம்பர் 4 எப்படியோ, அப்படி. அந்தக் கொலையை எதைக்கொண்டும் நியாயப்படுத்த முடியாது. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளை நம் பாடப்புத்தகம் ஒரு பத்தியில் கடந்துவிடுவதும் உண்மை.

நேபாளத்தின் கதை இதைவிடச் சுருக்கமானது. 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்த அந்த நாட்டில், செப்டம்பரில் புதிய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தவுடன், தெற்கு எல்லையில் லாரிகள் நின்றுபோயின. அந்தச் சட்டத்தை எதிர்த்துப் போராடும் தெற்குச் சமவெளியின் மாதேசி மக்களே வழியை மறிக்கிறார்கள் என்றது இந்தியா. இந்தியாதான் மறிக்கிறது என்றார்கள் நேபாளிகள். கூடாரத்தில் குளிர்காலத்தைக் கழித்தவர்களுக்குச் சமையல் வாயுவும் மருந்தும் கிடைக்காமல் ஏறத்தாழ ஐந்து மாதம் போயிற்று. 2016 மார்ச்சில் நேபாளம் சீனாவுடன் சரக்குப் போக்குவரத்து ஒப்பந்தம் செய்துகொண்டது. உதகை ஓட்டல்களில் வேலை செய்யும் நேபாள இளைஞர்களிடம் 2015 என்று சொல்லிப் பாருங்கள்: நிலநடுக்கத்தையும் ‘நாகாபந்தி’ என்ற அந்த முற்றுகையையும் ஒரே மூச்சில் சொல்வார்கள்.

இங்கே ஒரு மறுப்பு வரும், அதில் உண்மையும் இருக்கிறது. சிறிய நாட்டு ஆட்சியாளர்கள் தங்கள் தவறுகளை மறைக்கப் பெரிய நாட்டைச் சாக்காக வைப்பது உலகெங்கும் நடப்பதுதான். நேபாளத் தலைவர் கே. பி. ஷர்மா ஒலி 2017 தேர்தலில் வெற்றிபெற அந்த முற்றுகையின் நினைவு நன்றாகவே உதவியது. விலைவாசி உயர்ந்தாலும் வேலைநிறுத்தம் வந்தாலும் அந்நியச் சதி என்று சொல்லிய ஆட்சியை இந்தியாவும் எழுபதுகளில் பார்த்திருக்கிறது. ஆனால் அரசியல்வாதியால் இருக்கும் நெருப்பை ஊதிவிட முடியுமே தவிர, கங்கே இல்லாத சாம்பலை எவ்வளவு ஊதினாலும் பற்றாது. ஒலியின் பேச்சு எடுபட்டதற்குக் காரணம், கேட்டவர்கள் வீட்டில் அந்தக் குளிர்காலத்தில் அடுப்பு எரியாமல் இருந்தது.

கசப்பு நிரந்தரம் என்று நினைப்பதும் தவறு. வியட்நாமைக் காட்டிலும் அமெரிக்காவை வெறுக்கக் காரணமுள்ள நாடு குறைவு. ஆயினும் 2017ஆம் ஆண்டின் பியூ கணிப்பில் வியட்நாமியரில் 84 சதவீதத்தினர் அமெரிக்காவைப் பற்றி நல்லெண்ணம் தெரிவித்தார்கள். 1994இல் வணிகத் தடை நீங்கியது, 1995இல் தூதரக உறவு மலர்ந்தது, போருக்குப் பின் பிறந்தவர்களே மக்கள்தொகையில் பெரும்பான்மையாயினர். அவற்றோடு, 1979இல் எல்லை தாண்டி வந்து தாக்கிய சீனா வடக்கே உட்கார்ந்திருக்கிறது. தொலைவில் உள்ள வல்லரசின் பழைய கொடுமையைவிட அருகில் உள்ள வல்லரசின் இன்றைய அழுத்தம் பெரிதாகத் தெரிவது இயல்பு. இந்தியாவுக்கு இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. நேபாளத்துக்கும் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் அருகில் உள்ள வல்லரசு நாம்தான்.

இலங்கையிலேயே மாற்றத்தைப் பார்க்கலாம். 2022இல் அந்நாட்டின் கையிருப்பு தீர்ந்து பெட்ரோலுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்றபோது, இந்தியா கடனாகவும் எரிபொருளாகவும் மருந்தாகவும் ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது. ஜான்சனின் கோதுமையைப்போல அது கப்பலுக்குக் கப்பல் இழுத்தடிக்கப்படவில்லை. இந்திய விஸ்தரிப்புவாதத்தைப் பாடமாக நடத்திய அதே ஜேவிபியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க, 2024 செப்டம்பரில் அதிபரானார். டிசம்பரில் அவர் மேற்கொண்ட முதல் வெளிநாட்டுப் பயணம் டெல்லிக்குத்தான். கட்சியின் பழைய வகுப்பை உறுப்பினர்கள் மறந்துவிட்டார்கள் என்பது இதன் பொருள் ஆகாது. அந்த வகுப்புக்கு இன்றைய இந்தியாவின் நடத்தையிலிருந்து எடுத்துக்காட்டு காட்டுவது சற்றுக் கடினமாகிவிட்டது, அவ்வளவே.

குன்னூரை அடுத்த வெல்லிங்டனில் உள்ள பாதுகாப்புப் படை அலுவலர் கல்லூரிக்கு ஒவ்வோர் ஆண்டும் நட்பு நாடுகளின் அதிகாரிகள் குடும்பத்தோடு வந்து தங்கிப் படித்துவிட்டுப் போகிறார்கள். வெளியுறவுத் துறையில் இருப்பவர்கள் இத்தகைய பழக்கத்தைப் பெரிய முதலீடாகச் சொல்வார்கள். அதன் மதிப்பை நான் மறுக்கவில்லை. குன்னூரில் நண்பர்களைச் சம்பாதித்த ஓர் அதிகாரி பின்னாளில் தன் நாட்டில் முடிவெடுக்கும் நாற்காலியில் அமரலாம். ஆனால் எல்லையில் லாரி நிற்கும்போது அவருடைய நாட்டு மக்கள் அவரிடம் கருத்துக் கேட்கப்போவதில்லை.

2017 மே மாதம் இலங்கை மலைநாட்டின் நோர்வூட்டில் மலையக மக்களிடையே பேசிய பிரதமர் மோடி, முன்பு அறிவிக்கப்பட்டிருந்த 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் கட்டித்தரப்படும் என்றார். அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு இந்தியா இன்று வீடு கட்டிக்கொடுக்கும் நாடு. இங்கே வந்தவர்களோ, ஓய்வுபெற்ற பின் லயன் வீட்டில் எத்தனை நாள் இருக்க விடுவார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1983க்குப் பின் அகதியாக வந்து சேர்ந்த அதே மலையக வம்சாவளியினரில் பலர், முப்பாட்டன் திருச்சியிலோ புதுக்கோட்டையிலோ பிறந்தவர் என்று காட்ட முடிந்தும், முகாம்களில் குடியுரிமை இன்றி இருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் பெயர் மட்டுமே உள்ளது, இலங்கை அதில் இல்லை.